இத்ரியா பாதரசச் சுரங்க நகரம்

இத்ரியா என்பது சுலோவீனியா நாட்டின் மேற்குப் பகுதியில், மலைகளுக்கு இடைப்பட்ட குறுகிய பள்ளத்தாக்கில் அமைந்துள்ள சுரங்க நகரம் ஆகும். இங்கு ஏறத்தாழ 500 ஆண்டுகள் பாதரசம் எடுக்கப்பட்டது. எசுப்பானியாவின் அல்மதேனுக்கு அடுத்தபடியாக உலகின் இரண்டாவது பெரிய பாதரசச் சுரங்கம் இதுவே. இவ்விரு நகரங்களும் 2012 இல் ஒருசேர யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன.

தோற்றம்

1490 ஆம் ஆண்டளவில் மரத்தொட்டி செய்யும் ஒருவர், தொட்டியை ஓடை நீரில் ஊறவைத்தபோது அதன் அடியில் பளபளக்கும் கனத்த திரவத்தைக் கண்டார் என்பது ஊர் மரபுக்கதை. இது நடக்கக்கூடியதே. இங்குள்ள சில பாறைகளில் பாதரசம் தனி உலோகமாகவே துளித்துளியாகக் காணப்படுகிறது. எனினும் பெரும்பகுதி கந்தகத்துடன் சேர்ந்த செந்நிறக் கனிமமாகவே கிடைத்தது. சித்த மருத்துவத்தில் சாதிலிங்கம் எனப்படுவது இதுவே. இதனை உலையில் சுட்டால் பாதரசம் ஆவியாகப் பிரியும். அவ்வாவியைக் குளிர்வித்தால் திரவமாகும்.

16 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுரங்கம் ஹாப்ஸ்பர்க் அரசின் உடைமையாயிற்று. அமெரிக்கக் கண்டத்து வெள்ளித் தாதுவைப் பிரித்தெடுக்கப் பாதரசம் தேவைப்பட்டதால் வியன்னா அரசுக்கு இது நல்ல வருவாய் ஈட்டித் தந்தது.

தொழிலாளர் வாழ்க்கை

அவ்வருவாய்க்கான விலையைக் கொடுத்தவர்கள் சுரங்கத் தொழிலாளரே. பாதரச ஆவிக்கு நிறமோ மணமோ இல்லை. மூச்சுடன் உட்சென்று நரம்பு மண்டலத்தைத் தாக்கும். கைகால் நடுக்கம், ஈறு வீக்கம், பல் உதிர்தல், மிகையான உமிழ்நீர், மனக்கலக்கம் ஆகியன இதன் அறிகுறிகள். 1754 இல் இங்கு மருத்துவராகப் பொறுப்பேற்ற ஜொவான்னி அந்தோனியோ சுக்கோப்போலி, இத்ரியாவின் பாதரசம் குறித்து 1761 இல் இலத்தீனில் நூல் வெளியிட்டார். தொழிலாளரின் நோய்களையும் அதில் விவரித்தார். தொழில்சார் மருத்துவத்தின் முன்னோடி நூல்களுள் இதுவும் ஒன்று. (இவர் தாவரவியலாளரும் ஆவார். சுக்கோப்போலியா என்னும் தாவரப் பேரினம் இவர் பெயரால் அமைந்தது.)

கூலி போதாமையால் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் மரக்குச்சிகளில் நூல் சுற்றிப் பின்னல் சரிகை செய்து விற்றனர். 1876 இல் நிறுவப்பட்ட சரிகைப் பள்ளி இன்றும் இயங்குகிறது. சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் நிலைத்த தொழில் இதுவே.

மூடல்

20 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாதரசத்தின் தேவையும் விலையும் வீழ்ந்தன. 1990களில் அகழ்வு முற்றிலும் நின்றது. நகரின் அடியிலேயே சுரங்கப் பாதைகள் செல்வதால், நிலம் தாழாதிருக்க அவற்றுட் பல நிரப்பப்பட்டன. ஆயினும் பழைய உலைக் கழிவுகளில் எஞ்சிய பாதரசம், வெள்ளக் காலங்களில் இத்ரியிட்சா ஆற்றின் வழியே சோச்சா ஆற்றையும் திரியெசுத்தே வளைகுடாவையும் இன்றும் சென்றடைகிறது.