உருளையில் வெட்டிய பள்ளம்

கோலாலம்பூரில் பழைய ரிவால்வர்களை நிதானமாகப் பார்க்க ஓர் இடம் உண்டு. லேக் கார்டன் பக்கம் பெர்டானா சாலையில் இருக்கும் அரச மலேசியப் போலீஸ் அருங்காட்சியகம் அது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகளிடமிருந்து கைப்பற்றிய ஆயுதங்களை அங்கே வைத்திருக்கிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரொம்ப தூரமில்லை.

அமெரிக்காவில் பழைய ரிவால்வர்களைச் சேகரிப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. இங்கே அதற்கு வழியில்லை. உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டுகள் வரை சிறை, அதோடு 6 பிரம்படிக்குக் குறையாத தண்டனை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியைக்கூட விட்டுவைப்பதில்லை. இந்தக் கண்டிப்பு வேண்டியதுதான். ஆனால் அந்த இரும்புக்குள் இருக்கும் அறிவியலைத் தெரிந்துகொள்ள யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை.

ரிவால்வரின் நடுவில் தோட்டாக்கள் உட்காரும் உருளையைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் அதன் மேல்புறத்தில் நீளவாக்கில் பள்ளங்கள் ஓடும். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகளின் போலீஸ் படைகளில் பரவலாகப் புழங்கிய வெப்லி அந்த வகை. வேறு சிலவற்றில் உருளை முழுக்க வழவழவென்று இருக்கும். பள்ளம் அழகுக்கு வெட்டியது, அதனால் உருளையின் பலம் குறைந்துவிடும் என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். இரண்டும் ஏறக்குறையத் தவறு.

ஏழு குழிப் பணியாரக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். நடுக்குழி இருக்கும் இடத்தில் உருளையின் அச்சு. சுற்றியுள்ள ஆறு குழிகளும் தோட்டா அறைகள். அடுத்தடுத்த இரண்டு குழிகளுக்கு நடுவே, விளிம்பை ஒட்டி, முக்கோணமாகக் கொஞ்சம் இரும்பு வேலையில்லாமல் கிடக்கும். பள்ளம் விழுவது அந்த இடத்தில்தான். அறைக்கு நேர் மேலே அல்ல, இரண்டு அறைகளுக்கு இடையே.

.44 மேக்னம் தோட்டா வெடிக்கும்போது அறைக்குள் சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு வரை அழுத்தம் எழ இடமுண்டு. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 2,400 மடங்கு அது. அறையின் சுவரை நாலாபுறமும் வெளியே தள்ளும். சுவர் எங்கே மிக மெல்லியதோ அங்கேதான் முதலில் விட்டுக்கொடுக்கும். பள்ளத்தை அளவோடு வெட்டியிருந்தால் அந்த மெல்லிய இடம் அங்கே இருக்காது. நவீன ரிவால்வர்களில் பள்ளம் உருளையின் முன்விளிம்பில் தொடங்கிப் பின்பக்கம் எட்டுவதற்குள் நின்றுவிடுகிறது. தோட்டா நகரத் தொடங்கும்போதே அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடுவதால் பின்பகுதிதான் அதிகம் தாங்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் பலவீனம் எங்கே? உருளையின் பின்பகுதியில், விரல் நகம் அளவுகூட இல்லாத ஒரு சிறு வெட்டில். உருளை சரியான இடத்தில் நிற்க, கீழேயிருந்து ஒரு தாழ் எழுந்து அந்த வெட்டில் விழும். குழல் மேலே இருக்கிறது, தாழ் கீழே இருக்கிறது. ஆறு அறைகள் இருந்தால் மேலே ஓர் அறை வரும்போது அதற்கு நேர் கீழேயும் ஓர் அறை வந்து நிற்கும். ஆகவே வெட்டு பெரும்பாலும் அறைச்சுவரின் மேலேயே விழுகிறது. ஐந்து அறைகள் என்றால் கீழே வருவது இடைவெளி; வெட்டு கெட்டியான இரும்பில் விழும். 1983இல் வந்த, பயங்கர வலுவுள்ள .454 கசூல் ரிவால்வரில் ஐந்தே அறைகள் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒற்றைப்படை, இரட்டைப்படை என்ற சின்னக் கணக்குக்கு இவ்வளவு பலன் இருப்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

சரி, பள்ளம் எதற்கு? எடை குறைக்க. அதிலும் விளிம்பு எடையை. சுழலும் பொருளில் அச்சிலிருந்து இரண்டு மடங்கு தள்ளியிருக்கும் ஒரு கிராம், சுழற்சியை நான்கு மடங்கு எதிர்க்கும். விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஆறு அறை உருளை 60 பாகை திரும்பிச் சட்டென்று நிற்க வேண்டும். கனமான உருளை அந்தத் தாழை ஒவ்வொரு தடவையும் மோதித் தேய்க்கும். விளிம்பில் சில கிராம் போனாலே அடி குறைகிறது.

கோல்ட் நிறுவனம் 1860ஆம் ஆண்டு ராணுவ மாடலை முதலில் பள்ளம் வெட்டித்தான் செய்தது. பலம் போதுமா என்ற ஐயம் வந்ததும் வழவழப்பான உருளைக்குத் திரும்பியது. மொத்தம் 2,00,000 வரை வந்த அந்த மாடலில் பள்ளமுள்ளவை ஏறத்தாழ 4,000 மட்டுமே. அதனால் சேகரிப்பவர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். வழவழப்பான உருளைக்கும் ஒரு வேலை இருந்தது. கரன்சி நோட்டுக்கு அச்சு செதுக்கிய ஆர்ம்ஸ்பி, 1843 மே 16இல் நடந்த கடற்போர்க் காட்சியை எஃகு அச்சில் செதுக்கிக் கொடுத்தார். அந்த அச்சை உருளைமேல் அழுத்தி உருட்டினால் கப்பல்களும் பாய்மரங்களும் இரும்பில் பதியும். பள்ளமிருந்தால் படம் அறுந்துபோகும்.

1959இல் ரூகர் நிறுவனம் .44 மேக்னத்துக்கான சூப்பர் பிளாக்ஹாக்கை வழவழப்பான உருளையோடு விற்றது. அங்கே எடைதான் வேண்டியிருந்தது. கனம் கூடினால் பின்னுதைப்பு தணியும்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது 1901இல் வந்த வெப்லி ஃபாஸ்பரி. பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லைப் போரில் விக்டோரியா கிராஸ் பெற்ற ஜார்ஜ் ஃபாஸ்பரி என்ற அதிகாரியின் கண்டுபிடிப்பு. அதன் உருளையில் பள்ளங்கள் நேராக ஓடாமல் வளைந்து நெளிந்து ஓடும். சுட்டதும் மேற்பகுதி பின்னே நகர, சட்டத்தில் நிற்கும் ஒரு முளை அந்த நெளிவில் ஓடி உருளையைப் பாதி திருப்பும். திரும்பி முன்னே வரும்போது மீதியைத் திருப்பும். எடை குறைக்க வந்த பள்ளம் அங்கே இயந்திரமாகவே மாறியிருக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இடைநிலைப்பள்ளிகளில் இயற்பியல் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களை ஒருமுறை பெர்டானா சாலைக்கு அழைத்துப் போங்கள். ஒரு ரிவால்வர் உருளையைக் காட்டி, இது உடைந்தால் முதலில் எங்கே உடையும் என்று கேளுங்கள். எல்லாரும் பள்ளத்தைத்தான் காட்டுவார்கள். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.