கணினிக்குள் நுழையும் கலம்காரி: பகிர்ந்தால் உரிமை யாருக்கு?

திருப்பதி: ஸ்ரீகாளஹஸ்தியில் ஒரு கலைஞர் பல நாள்கள் உழைத்துத் தீட்டும் கலம்காரி ஓவியத்தைப் படமெடுத்து, டிஜிட்டல் அச்சு இயந்திரத்தில் துணியாக எடுக்கச் சில மணி நேரம் போதும். இணையத்தில் பகிர்ந்தால் வாடிக்கையாளர்கள் பெருகுவார்கள், நகல்களும் பெருகும். இதில் சட்டம் எதைக் காக்கிறது, எதைக் காப்பதில்லை?

கையால் உருவாகும் கலை

முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீகாளஹஸ்தி, 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய பருத்தித் துணியில், மூங்கில் எழுதுகோலால் புராணக் காட்சிகள் வரையப்படுகின்றன. இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துக் கறுப்பு மை தயாரிக்கப்படுகிறது. நலிந்திருந்த இக்கலை, 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாயவின் முயற்சியால் புத்துயிர் பெற்றது.

புவிசார் குறியீடு

ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக்கு 2005-06 நிதியாண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இது பெயரையே காக்கிறது, உருவத்தை அல்ல. அதே மயிலையோ மரத்தையோ இயந்திரத்தில் அச்சிடுவது மட்டும் இதன்படி குற்றமாகாது. அந்தத் துணியை 'ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி' என்று விற்பதே குற்றம். அதற்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம்.

'50' என்ற எல்லை

கலைஞர் சொந்தமாக வரைந்த ஓவியத்துக்கு, அவரது வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. ஆனால் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்யாமல், உரிமையாளரோ அவரிடம் உரிமம் பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்தால், அந்த வடிவமைப்பின் பதிப்புரிமை முடிந்துவிடும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு. ஒரு படைப்பு தனிக் கலைப்படைப்பா, பொருளுக்கான வடிவமைப்பா என்பதை வழக்குதோறும் ஆராய வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது.

திறந்த பகிர்வு

மின்னணுக் கலைஞர்கள் வேறொரு வழியை வளர்த்துள்ளனர். 2001இல் தொடங்கிய 'பிராசஸிங்' போன்ற திறந்த மூல மென்பொருள்களில் ஓவியம் படைப்போர், அதன் நிரலையும் பிறருக்குத் தருகின்றனர். 2002 டிசம்பரில் வெளியான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள், 'பெயரைக் குறிப்பிட வேண்டும்', 'வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது' போன்ற நிபந்தனைகளுடன் படைப்பைப் பகிர வழி செய்கின்றன.

கலம்காரிக்கும் இது புதிதல்ல. வாழ்க்கை மரம் போன்ற மரபு உருவங்கள் தலைமுறை தலைமுறையாகப் பலர் கைமாறி வந்தவை. அவற்றுக்குத் தனி உரிமையாளர் இல்லை. எனவே எந்த உரிமத்தாலும் அவற்றைப் பூட்டிவைக்க முடியாது. கலைஞர் தாமே சேர்த்த கற்பனைக்குத்தான் உரிமம் பொருந்தும்.

கவனிக்க வேண்டியவை

புதிய வடிவமைப்பை இணையத்தில் வெளியிடும் முன்பே பதிவு செய்ய வேண்டும். முதலில் வெளியிட்டால் அதன் புதுமை போய்விடும், பதிவு செல்லாது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம்.

வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கும் உரிமத்தை யோசித்தே தர வேண்டும். ஏனெனில் உரிமம் பெற்ற அச்சகம் 50 தடவையைத் தாண்டினால், இழப்பு கலைஞருக்கே. ஒருமுறை வழங்கிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை, ஏற்கெனவே பெற்றவர்களிடமிருந்து திரும்பப் பெறவும் முடியாது.

வாங்குவோருக்கும் இதில் பங்குண்டு. கையால் வரைந்ததா, அச்சிட்டதா என்று கடையில் கேட்பது, கலைஞரின் உழைப்புக்கு உரிய விலை சேர உதவும்.