மளிகைக் கடை அலமாரியில் எரிசாராயம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் புதிதாக ஒரு சூப்பர் மார்க்கெட் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாசலில் வாழைமரம் கட்டியாயிற்று. முதலாளியின் கோப்பில் தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்புத் துறை உரிமம், தராசுக்கு முத்திரை வைத்த சான்று எல்லாம் தயார். அரிசி முதல் அகர்பத்தி வரை எதை வேண்டுமானாலும் விற்கலாம். ஒன்றுக்கு மட்டும் எந்த அலுவலகத்தில் மனுப் போட்டாலும் அனுமதி கிடைக்காது. அது மது. 1983-ல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம், 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. அன்று முதல் தமிழ்நாட்டில் சில்லறை மதுக்கடை என்றால் அது அரசுக் கடைதான்.

ஆனால் வேதியியல் தெரிந்த ஒருவர் அந்தப் புதுக் கடைக்குள் ஒரு சுற்று வந்தால் புருவத்தை உயர்த்துவார். மதுவில் போதை தருவது எத்தனால் என்ற ஒரே ஒரு பொருள். இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் என மொத்தம் ஒன்பதே அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு அது. இதன் அடர்ந்த வடிவத்தைத்தான் எரிசாராயம் என்கிறோம். குவார்ட்டர் பாட்டிலில் இருக்கும் அதே மூலக்கூறு, அணு பிசகாமல், இந்த மளிகைக் கடையிலும் பல தட்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் சட்டம் எதை வைத்து ஒன்றைத் தடுத்து மற்றதை விடுகிறது?

முதலில் இட்லி மாவு பாக்கெட்டைப் பாருங்கள். மாலையில் அது உப்பிக்கொண்டு நிற்கிறது. காரணம், லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா. உளுந்தோடும் அரிசியோடும் இயல்பாகவே வந்து சேரும் இந்த நுண்ணுயிர், ஒரு குளுக்கோஸ் மூலக்கூறைப் பெரும்பாலும் மூன்றாக உடைக்கிறது: புளிப்பு தரும் லாக்டிக் அமிலம் ஒன்று, மாவைப் பொங்க வைக்கும் கரியமில வாயு ஒன்று, எத்தனால் ஒன்று. பாக்கெட்டை உப்ப வைத்த ஒவ்வொரு வாயு மூலக்கூறுக்கும் கணக்காக ஓர் எத்தனால் மூலக்கூறு உள்ளே பிறந்திருக்கிறது. அளவு மிகச் சொற்பம். எத்தனால் 78 டிகிரியில் கொதிப்பது. இட்லிக் கொப்பரையின் நீராவியோ நூறு டிகிரி. வெந்து இறங்குவதற்குள் அதில் பெரும்பகுதி ஆவியோடு ஆவியாகப் போய்விடும்.

அடுத்தது பதநீர். பனையின் பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சொட்டுச் சொட்டாக வடியும் சாற்றில், லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் கலயத்தின் சுவரிலும் காத்திருக்கும் ஈஸ்ட் அதைச் சில மணி நேரத்திலேயே தின்னத் தொடங்கிவிடும். நூறு கிராம் சர்க்கரையை ஈஸ்ட் முழுவதும் தின்றால் ஏறத்தாழ ஐம்பது கிராம் எத்தனால் மிஞ்சும். மற்றதில் பெரும்பகுதி கரியமில வாயு. ஒரு நாள் விட்டால் நாலைந்து சதவீத எத்தனாலோடு கள் ஆகிவிடும். தமிழ்நாட்டில் கள்ளுக்கு இப்போதுள்ள தடை 1987 முதல், பதநீருக்குத் தடையில்லை. இரண்டும் ஒரே மரம், ஒரே பாளை. நடுவில் நிற்பது கலயத்தின் உட்புறம் தடவிய சுண்ணாம்பு. ஈஸ்ட்டுக்கு இலேசான அமிலம்தான் பிடிக்கும். சுண்ணாம்பு பட்டதும் சாறு கடும் காரமாகிறது. பனஞ்சாற்றின் சர்க்கரையை உடைத்துத் தர ஈஸ்ட் வைத்திருக்கும் நொதி, அதாவது உயிர்வினையை முடுக்கிவிடும் புரதம், அந்தக் காரத்தில் செயலிழக்கிறது. நொதி நின்றால் கள் இல்லை. ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு அங்கே மதுவிலக்குச் சட்டத்தை அமல்படுத்திவிடுகிறது.

இந்தச் சுண்ணாம்புக்கு அரசியல் வரலாறும் உண்டு. 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. அதற்கடுத்த ஆண்டு அந்த மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றவர் ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா. கள்ளுக்குக் கதவு அடைபட்ட பிறகு, பனையேறிகளுக்குப் பதநீரும் கருப்பட்டியுமே பிழைப்பாக மிஞ்சின.

கருப்பட்டியிலும் சர்க்கரைதானே இருக்கிறது, அது ஏன் கள்ளாவதில்லை? தண்ணீர் இல்லை என்பதே விடை. பதநீரைக் காய்ச்சி நீரை விரட்டியபின் எஞ்சும் கொஞ்ச ஈரத்தையும் சர்க்கரை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அதில் விழும் ஈஸ்ட்டின் உடலிலிருந்தே நீர் வெளியே இழுக்கப்படும். அது வேலை செய்வது எங்கே? கடையின் முன்வரிசையில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது, இதே தந்திரத்தைத்தான் பாலில் செய்கிறது. போதாததற்கு அங்கே இரட்டைப் பூட்டு: பாலுக்கே உரிய லாக்டோஸ் சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட்டால் உடைக்கவே முடியாது.

ஈஸ்ட்டைத் தடுக்கச் சுண்ணாம்பும் வறட்சியும் போக மூன்றாவது வழி குளிர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தென்னந்தோப்புகளிலும் பாளையிலிருந்து இனிப்புச் சாறு இறக்கலாம். அதன் பெயர் நீரா. சுண்ணாம்பு போட்டால் சுவை மாறிவிடும் என்பதால், காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம், பனிக்கட்டி நிரப்பிய குழாய்ப் பெட்டியைப் பாளையிலேயே மாட்டும் முறையை உருவாக்கியது. சாறு மரத்தின் உச்சியிலேயே குளிர்ந்துவிடுகிறது. 2017-ல் தமிழ்நாடு அரசு நீராவுக்கென்று தனி விதிகளே வகுத்தது.

இனி குளிர்பான அலமாரி. ‘ஆல்கஹால் இல்லாத பீர்’ என்று சில கேன்கள் இருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, எத்தனால் 0.5 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது மதுபானம். 650 மில்லி பாட்டிலில் இந்த எல்லை சுமார் 3 மில்லி; ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. இப்படிப்பட்ட பானங்கள் பலவற்றை முதலில் உண்மையான பீராகவே புளிக்க வைத்து, பிறகு எத்தனாலை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். 78 டிகிரிக்குச் சூடாக்கினால் வாசனை கெட்டுவிடுமே? அதற்கும் வழி உண்டு. கலத்திலிருந்து காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்தால், வெதுவெதுப்பான சூட்டிலேயே எத்தனால் ஆவியாகி வெளியேறுகிறது.

அடுத்த வரிசையில் ஆயுர்வேத அரிஷ்டங்கள். கஷாயத்தில் வெல்லம் சேர்த்துக் காட்டாத்திப் பூவைப் போட்டு வாரக்கணக்கில் மூடி வைப்பார்கள். பூவோடு வரும் ஈஸ்ட் எத்தனாலை உண்டாக்கி, மூலிகையின் சத்தைத் தானே பிழிந்தெடுக்கிறது. பாட்டிலின் லேபிளில் ‘தானாக உருவான ஆல்கஹால்’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். பத்து சதவீதம்வரைகூட இருக்கலாம், அதாவது பீரைவிடக் கூடுதல். ஆனாலும் அது மருந்துச் சட்டத்தின் பிள்ளை, மூடியளவு குடிப்பதற்கானது.

சானிடைசர் பாட்டிலில் இருப்பதோ டாஸ்மாக் சரக்கைவிடக் கடுமையானது. இங்கே விற்கும் பிராந்தி, ரம் பாட்டில்களில் எத்தனால் 42.8 சதவீதம். இந்த விசித்திர எண் எங்கிருந்து வந்தது? துப்பாக்கி மருந்தைச் சாராயத்தில் நனைத்துத் தீ வைத்துப் பார்த்து, பற்றினால்தான் அது சுத்தமான சரக்கு என்று பழைய இங்கிலாந்தில் தீர்மானித்தார்களாம். பின்னாளில் அந்தப் புள்ளி 57.1 சதவீதம் என்று கணக்கிடப்பட்டு, ‘நூறு டிகிரி புரூஃப்’ ஆனது. அதில் முக்கால் பங்குதான் 42.8. வெடிமருந்தின் நிழல் இன்னும் லேபிளில் விழுந்துகொண்டிருக்கிறது. சானிடைசரில் எழுபது, எண்பது சதவீதம் இருக்கும். நூறு சதவீதம் வைத்தால் இன்னும் நன்றாகக் கிருமியைக் கொல்லுமே என்று தோன்றும், உண்மை நேர்மாறு. கிருமியின் புரதத்தைக் குலைக்க எத்தனாலுக்குத் தண்ணீரின் துணை வேண்டும். தண்ணீர் இருந்தால்தான் அது சட்டென்று ஆவியாகாமல் கொஞ்ச நேரம் தங்கி வேலையை முடிக்கும். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணிக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போகும் ஸ்பிரிட்டும் இந்த வம்சம்தான்.

அப்படியானால் இவற்றைக் குடித்துவிட மாட்டார்களா? அதற்காகத்தான் எத்தனாலைக் குடிக்கத் தகாததாக்கும் வித்தை வந்தது. தொழிலுக்கான ஸ்பிரிட்டில் பிரிக்க முடியாதபடி வேறு பொருள்களைக் கலந்துவிடுகிறார்கள். அவற்றில் அபூர்வமானது டினட்டோனியம். 1958-ல் ஸ்காட்லாந்தில், மரத்துப்போக வைக்கும் மருந்துகளை ஆராய்ந்தபோது தற்செயலாகக் கிடைத்தது. உலகத்தில் அறியப்பட்ட பொருள்களிலேயே மிகக் கசப்பானது. தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி முழுவதையும் கசக்க வைக்க இதில் ஒரு கிராம்கூடத் தேவையில்லை.

கசப்பு இல்லாத நஞ்சுதான் ஆபத்து. மெத்தனால், எத்தனாலைவிட ஒரு கார்பன் குறைந்த தம்பி. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. நம் கல்லீரலில் எத்தனாலை உடைக்கும் அதே நொதி மெத்தனாலையும் உடைக்கிறது. ஆனால் விளைவது ஃபார்மிக் அமிலம். அது பார்வை நரம்பை எரித்துவிடும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட விஷச் சாராயத்தில் இருந்தது இதுதான். மருத்துவத்தில் இதற்கு ஒரு மாற்று மருந்தாக எத்தனாலையே அளந்து கொடுப்பதுண்டு. அந்த நொதிக்கு எத்தனால்தான் அதிக விருப்பம். அதில் அது மும்முரமாக இருக்கும் நேரத்தில் மெத்தனால் உடையாமல் சிறுநீரிலும் மூச்சிலும் வெளியேறிவிடும்.

கடைக்கு வெளியே வந்தால் பெட்ரோல் பங்க். இப்போது இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். பைக்குக்குப் பத்து லிட்டர் போட்டால் அதிலுள்ள எத்தனால், 26 குவார்ட்டர் பாட்டில்களில் இருப்பதற்குச் சமம். இதற்குத் தண்ணீர் கலவாத எத்தனால் வேண்டும். எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும் 96 சதவீதத்துக்குப் பக்கத்தில் எத்தனாலும் நீரும் கைகோத்துக்கொண்டு பிரிய மறுக்கும். அந்தக் கடைசி நீரை ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமம் உறிஞ்சுகிறது. ஒரு மில்லிமீட்டரைக் கோடிப் பங்காக்கினால், அதில் மூன்று பங்குதான் அதன் துளையின் அகலம். நீர் மூலக்கூறு அதில் நுழையும், எத்தனால் நுழையாது.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பங்க் நிற்பது திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744-ன் ஓரம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. வழக்கு தொடுத்தவர் தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு. இருபதாயிரம் பேருக்குள் வாழும் ஊர்களில் அந்தத் தொலைவு 220 மீட்டர் என்று பிறகு தளர்த்தப்பட்டது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று அதே ஆண்டு ஜூலையில் விளக்கம் வந்தது. கோயில், பள்ளிக்கூடம் என்றால் வேறு கணக்கு: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற நகராட்சிகளில் 50 மீட்டர், இடைப்பட்ட கிராமங்களில் 100 மீட்டர்.

ஸ்வீடனிலும் அரசுக்குத்தான் மதுக்கடை. ஆனால் அங்கே மளிகைக் கடை 3.5 சதவீதம்வரை உள்ள பீரை விற்கலாம். கோடு எங்கே என்பது நாட்டுக்கு நாடு மாறும். கோட்டின் வகை மாறாது. எந்தச் சட்டமும் மூலக்கூறைத் தடைசெய்ய முடியாது, ஏனென்றால் ஈஸ்ட் இருக்கும் இடமெல்லாம் அது பிறந்துகொண்டே இருக்கும். அளவு, சேர்மானம், தூரம், நோக்கம் என்ற நான்கு வேலிகளைத்தான் சட்டம் போட முடிகிறது. அந்த வேலிகளைக் காப்பது சுண்ணாம்பும் கசப்பும் பனிக்கட்டியும்.

ஆகவே புதுக் கடையின் முதலாளி மதுவிலக்குச் சட்டத்தை ஒரு வரிகூடப் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நீரா இருக்கும் குளிர்பெட்டியின் வெப்பமானியைத் தினமும் பார்த்தே ஆகவேண்டும். ஓர் இரவு மின்சாரம் போனால் ஈஸ்ட் தன் வேலையைத் தொடங்கிவிடும்; அதற்கு உரிமம் தேவையில்லை.