ஊட்டி ரயிலில் யார் யாரைத் தள்ளுகிறார்கள்?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலில் இன்ஜினைத் தேடி முன்பக்கம் எட்டிப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நீராவி இன்ஜின் சரிவின் கீழ்முனையில் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. 1899-இல் குன்னூர் வரை போட்ட இந்தப் பாதை, கடும் ஏற்றங்களில் 12 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்கிறது.

இன்ஜின் தரும் விசை எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே அளவில் போய்ச் சேருமா? சேராது. பயணிகளோடு தலா 12 டன் எடையுள்ள மூன்று பெட்டிகள் என்று வைத்துக்கொள்வோம், உராய்வை ஒதுக்கிவிடுவோம். இந்தச் சரிவில் எடையில் ஏறத்தாழ 12-இல் ஒரு பங்கு, அதாவது பெட்டிக்கு 1 டன், கீழ்நோக்கி இழுக்கும். ரயில் சீரான வேகத்தில் போனால், நியூட்டனின் முதல் விதிப்படி ஒவ்வொரு பெட்டியின் மீதும் நிகர விசை சுழியம்.

இப்போது ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்துப் பார்ப்போம். உச்சிப் பெட்டிக்குக் கீழிருந்து 1 டன் தள்ளு போதும். அதே 1 டன்னால் அது நடுப்பெட்டியைத் திருப்பித் தள்ளும்; இதுதான் மூன்றாம் விதி. நடுப்பெட்டி தன் 1 டன்னோடு அதையும் தாங்க வேண்டும், எனவே அதற்குக் கீழிருந்து 2 டன். இன்ஜினை ஒட்டிய பெட்டிக்கு 3 டன்.

அப்படியானால் இன்ஜினையும் அந்தப் பெட்டி 3 டன் விசையோடு கீழே தள்ளும். இரண்டும் சமம் என்றால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாதா? கொள்ளாது. ஒன்று பெட்டியின் மீது விழுகிறது, மற்றது இன்ஜினின் மீது. ஒரே பொருளின் மீது விழும் விசைகளைத்தான் கூட்டிக் கழிக்க முடியும்.

இன்ஜின் 48 டன் என்றால் அதன் சொந்தச் சரிவு இழுப்பு 4 டன், மொத்தம் 7. அதைத் தருவது மலைதான். தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். இன்ஜினின் பல்சக்கரங்கள் இவற்றைக் கவ்வி, ஓடும் சக்கரங்களோடு சேர்ந்து பாதையைக் கீழ்நோக்கித் தள்ள, பாதை இன்ஜினை மேலே தள்ளுகிறது.

நின்ற ரயில் கிளம்பும்போது இரண்டாம் விதி நுழைகிறது. வேகம் நொடிக்கு நொடி 0.1 மீட்டர் கூடினால், பெட்டிக்கு 1,200 நியூட்டன், அதாவது சுமார் 120 கிலோ எடைக்குச் சமமான விசை கூடுதலாக வேண்டும். இன்ஜினை ஒட்டிய இடத்தில் அது மும்மடங்கு.

இறங்கும்போதும் இன்ஜின் கீழ்முனையில்தான். பெட்டிகளில் பிரேக் ஊழியர்கள் இருப்பார்கள். ஒவ்வொரு பெட்டியும் தன் 1 டன்னைத் தன் பிரேக்காலேயே தாங்கிக்கொண்டால், பெட்டிகள் ஒட்டி நின்றாலும் இடையே விசையே இருக்காது. பிரேக் தளர்ந்தால், தளர்ந்த அளவுக்கு மட்டும் கீழே இருப்பதன் மீது சாயும். தொடும் இடத்து விசைக்கென்று தனி அளவு கிடையாது. மறுபக்கம் இருப்பதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் அது.