உள்ளே போகாத பந்தின் கணக்கு

கோவையில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பைக்கோ பி.எஸ்.ஜி. கோப்பைக்கோ கூடைப்பந்து பார்க்கப் போனால், ஐந்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு ஓரத்து மேசையைக் கவனியுங்கள். ஸ்கோரர் கையில் இரண்டு பேனா இருக்கும். முதல், மூன்றாம் கால்பகுதிகளுக்குச் சிவப்பு. இரண்டாம், நான்காம் கால்பகுதிகளுக்கு நீலம் அல்லது கறுப்பு. பந்து வளையத்துக்குள் விழுந்ததும் அணியின் புதிய மொத்தத்தின் மேல் ஒரு சாய்கோடு போட்டு, பக்கத்தில் எறிந்தவரின் ஜெர்ஸி எண்ணை எழுதுவார். மூன்று பாயின்ட் எறி என்றால் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். ஃபவுலுக்கு ஈடாகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ என்றால் சாய்கோட்டுக்குப் பதில் ஒரு கரும்புள்ளி. ஃபவுல் செய்தவரின் பெயருக்கு நேரே ‘பி’. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா வகுத்த முறை இது. அதன் விதிப்படி ஆடும் இடமெல்லாம் இப்படித்தான்.

நேர்மையான சாட்சி அந்தத் தாள். ஆனால் வளையத்தைச் சுற்றிவந்து வெளியே விழுந்த பந்தைப் பற்றி அதில் ஒரு கீறல்கூட இருக்காது. இந்தியன் வங்கி அணியிலோ ஐ.ஓ.பி. அணியிலோ ஆடும் ஒருவர் 20 பாயின்ட் எடுத்தார் என்று தெரியும். அதற்கு அவர் 11 முறை எறிந்தாரா, 25 முறை எறிந்தாரா? தாள் சொல்லாது. என்னைக் கேட்டால், ஆட்டத்தின் உயிரே அந்த விடுபட்ட எண்ணில்தான் இருக்கிறது.

அதை எழுதிவைப்பதுதான் பாக்ஸ் ஸ்கோர். தவறிய எறி, ரீபவுண்டு (தவறிய பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடைக்கு வழிவகுத்த பாஸ்), ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (எறியைத் தட்டித் தடுப்பது), பறிகொடுத்த பந்து என ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு கட்டம் உண்டு. இந்தக் கட்டங்கள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. அமெரிக்காவின் என்.பி.ஏ. 1946-இல் தொடங்கியது. ஸ்டீலையும் பிளாக்கையும் அது அதிகாரப்பூர்வமாக எண்ண ஆரம்பித்தது 1973-74 பருவத்தில். பந்தைப் பறிகொடுத்த கணக்கு 1977-78-இல்தான் வந்தது. வீரர் பந்தைப் பறித்ததை முதலில் எழுதினார்கள். பறிகொடுத்ததை எழுத முப்பது ஆண்டுகள் பிடித்தன.

எழுதிவைப்பதன் அருமைக்கு ஓர் ஆட்டம் சாட்சி. 1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்ஷி என்ற சிற்றூரில், பிலடெல்பியா வாரியர்ஸ் அணிக்காக வில்ட் சேம்பர்லைன் தனியாளாக 100 பாயின்ட் எடுத்தார். அந்த ஆட்டத்துக்குப் படச்சுருள் கிடையாது. ஆட்டம் எப்படிப் போனது என்பதற்கு எஞ்சியிருப்பவை வானொலி வர்ணனையின் ஒரு பகுதியும் ஒரு புள்ளிவிவரத் தாளும்தான். 63 எறிகளில் 36 விழுந்தன. 32 ஃப்ரீ த்ரோவில் 28 விழுந்தன. அப்போது என்.பி.ஏ.யில் மூன்று பாயின்ட் கோடே இல்லை. ஆட்டம் முடிந்ததும் ஒரு காகிதத்தில் 100 என்று எழுதி சேம்பர்லைன் கையில் கொடுத்தவர் ஹார்வி போலாக், அணியின் புள்ளிவிவரக்காரர். அந்தக் காகிதத்தைச் சேம்பர்லைன் பிடித்திருக்கும் புகைப்படம் உலகப் புகழ்பெற்றது. போலாக்கை மறக்க வேண்டாம், மறுபடியும் வருவார்.

இனி இந்த ஆட்டத்தின் பெரிய ஆச்சரியம். ஓர் அணி எறிந்து பந்து விழுந்தாலும், தவறி எதிரணி ரீபவுண்டு எடுத்தாலும், பந்து பறிபோனாலும் அடுத்த வாய்ப்பு மறுபக்கத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே 40 நிமிடம் முடியும்போது இரண்டு அணிகளுக்கும் கிடைத்த வாய்ப்புகள் ஏறக்குறைய சமம். ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம். 30 பாயின்ட் வித்தியாசத்தில் தோற்ற அணிக்கும் வென்ற அணிக்கும் இதே கதைதான்!

வாய்ப்புகளை யாரும் நேரடியாக எண்ண வேண்டியதில்லை. பாக்ஸ் ஸ்கோரிலிருந்தே எடுக்கலாம்: எறிந்த எறிகளிலிருந்து, எதிரணி வளையத்தின் கீழ் தானே பிடித்த ரீபவுண்டைக் கழித்து, பறிகொடுத்த பந்தைக் கூட்டி, ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44-ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். கற்பனையாக ஓர் அணி 64 எறி, 10 ரீபவுண்டு, 14 பறிகொடுப்பு, 18 ஃப்ரீ த்ரோ என்று வைப்போம். எதிரணி 58 எறி, 6 ரீபவுண்டு, 15 பறிகொடுப்பு, 20 ஃப்ரீ த்ரோ. பார்த்தால் இரண்டும் வெவ்வேறு ஆட்டம் போலத் தெரியும். கூட்டிப் பாருங்கள்: இருவருக்கும் சுமார் 76. ஒரு வாய்ப்புக்கு வழக்கமாக இரண்டு ஃப்ரீ த்ரோ என்றால், பாதியை, அதாவது 0.5-ஐ, விட்டுவிட்டு ஏன் 0.44? கூடை விழுந்ததோடு கிடைக்கும் கூடுதல் ஃப்ரீ த்ரோ தனி வாய்ப்பைச் செலவழிப்பதில்லை. மூன்று பாயின்ட் எறியின்போது ஃபவுல் நடந்தால் ஒரே வாய்ப்பில் மூன்று ஃப்ரீ த்ரோ வரும். அதனால் சராசரி பாதிக்குச் சற்றுக் கீழே இறங்குகிறது.

வாய்ப்புகளின் எண்ணிக்கை கையில் இல்லாமல் ஸ்கோரைப் படிப்பது ஆபத்து. 2014-இல் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா சீனாவை 65–58 என்று வென்றது. இந்தியக் கூடைப்பந்தின் பொன்னான நாள் அது. ஆனால் 58 என்பது நம் தடுப்பு இறுக்கமாக இருந்ததாலா, ஆட்டமே நிதானமாகப் போனதாலா? வாய்ப்பு எண்ணிக்கை தெரிந்தால்தான் பதில் கிடைக்கும். கொங்கு நாட்டு விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். மோட்டார் எவ்வளவு தண்ணீர் இறைத்தது என்பதோடு நிறுத்தாமல், எவ்வளவு நேரத்தில் இறைத்தது என்றும் கேட்பவர் அவர். பெண்களுக்கான கோவைக் கோப்பை ஒரு பம்ப் நிறுவனத்தின் பெயரில் நடப்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

சேம்பர்லைன் அன்று செலவழித்த வாய்ப்புகள், எறியையும் ஃப்ரீ த்ரோவையும் மட்டும் எண்ணினால், சுமார் 77. அவற்றில் 100 பாயின்ட். அதாவது வாய்ப்புக்கு 1.3. எறிந்துகொண்டே இருந்ததால் வந்த நூறு என்று அதை ஒதுக்கிவிட முடியாது. மூன்று பாயின்ட் எறி பெருகிப்போனதற்கும் இதே கணக்குதான் காரணம். மூன்றில் ஒன்று விழுந்தாலே போதும், இரண்டு பாயின்ட் எறி பாதிக்குப் பாதி விழுவதற்குச் சமம்.

எல்லா எண்ணும் இவ்வளவு சுத்தமல்ல. அசிஸ்ட் என்பது பாதி அபிப்பிராயம்: பாஸ் வாங்கியவர் இரண்டு முறை பந்தைத் தட்டிவிட்டு எறிந்தால் கொடுத்தவருக்குப் பங்கு உண்டா என்பதை மேசையில் இருப்பவர்தான் முடிவு செய்கிறார்.

அபிப்பிராயத்துக்குக் கேலரியிலும் குறைவில்லை. அங்கே எப்போதும் ஒரு குரல் கேட்கும்: “இன்னைக்கு அவனுக்குக் கை வாகா இருக்குதுங்க, அவங்கிட்டயே குடுக்கச் சொல்லுங்க!” தொடர்ந்து விழுந்தால் அடுத்ததும் விழும் என்ற இந்த நம்பிக்கையை 1985-இல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். பிலடெல்பியா 76எர்ஸ் அணியின் எறிகள், விழுந்ததும் தவறியதும் வரிசை மாறாமல், அவர்களுக்குக் கிடைத்தன. அந்த அணியின் புள்ளிவிவரப் பொறுப்பில் இருந்தவர் அதே ஹார்வி போலாக். கார்னெல் பல்கலைக்கழக வீரர், வீராங்கனைகளையும் தனியே எறியவைத்துப் பார்த்தார்கள். முடிவு: ‘கை வாகு’ வெறும் பிரமை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடப்புத்தகங்கள் அதைச் சொல்லிக்கொடுத்தன.

2018-இல் வெளியிட்ட ஆய்வில் ஜோஷுவா மில்லரும் ஆதம் சஞ்சூர்ஹோவும் அந்தக் கணக்கிலேயே ஓர் ஓட்டையைக் காட்டினார்கள். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஒருவர் மூன்று முறை எறிகிறார். எட்டு வகை வரிசைகள் சாத்தியம். முதல் இரண்டு எறியில் ஒன்றாவது விழுந்தவை ஆறு. ஒவ்வொன்றிலும் ‘விழுந்ததற்கு அடுத்த எறி’ விழுந்த விகிதத்தை எழுதுங்கள்: மூன்றும் விழுந்தால் 1. முதல் இரண்டு மட்டும் விழுந்தால் 1/2. கடைசி இரண்டு மட்டும் விழுந்தால் 1. மற்ற மூன்று வரிசைகளிலும் 0. சராசரி 5/12, அதாவது 42 சதவீதம்! எந்த வாகும் இல்லாதவருக்கே 50 வராமல் 42 வருகிறது. அப்படியென்றால் 50 காட்டியவருக்கு உண்மையிலேயே கை வாகாகத்தான் இருந்திருக்கிறது. கார்னெல் எண்களைத் திருத்திக் கணக்கிட்டபோது பழைய முடிவு தலைகீழானது.

நிஜ ஆட்டத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். தொடர்ந்து போடுபவரை எதிரணி நெருங்கித் தடுக்கும். அவரும் தைரியத்தில் தூரத்திலிருந்து எறிவார். 2013-14 முதல் என்.பி.ஏ. அரங்குகள் எல்லாவற்றிலும் கூரையில் பொருத்திய கேமராக்கள் நொடிக்கு 25 முறை பந்தையும் பத்துப் பேரையும் பதிவு செய்யத் தொடங்கின. எறிந்த தூரத்தையும், எதிரில் நின்றவர் எவ்வளவு நெருக்கம் என்பதையும் சேர்த்து எண்ணினால்தான் வாகையும் தடுப்பையும் பிரிக்க முடியும். ஆய்வாளர்கள் அதைத்தான் இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.