நம் கணினி யாரோடு பேசுகிறது?

யாரும் எதையும் பார்க்கவில்லை, ஆனாலும் டேட்டா தீர்ந்துவிட்டது! இந்தப் புகார் இல்லாத வீடு இன்று குறைவு. லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்கள் காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதற்கு ஈதர்ஏப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

அட்மின் அனுமதியோடு திறந்தால், திரையில் புள்ளிகள் வட்டமாக நிற்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கணினி. அதில் ஒன்று நம்முடையது. தரவு போகும்போதும் வரும்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே கோடு விழும். போக்குவரத்து கூடக் கூடப் புள்ளியும் கோடும் பருக்கும். எந்த வகைப் போக்குவரத்து என்பதை நிறம் சொல்லும். பிரவுசரை மூடிய பிறகும் ஒரு கோடு தடித்தபடியே இருந்தால், அந்தப் புள்ளியின் பெயரைக் குறித்துக்கொண்டு விசாரியுங்கள். பெரும்பாலும் அப்டேட்டாகவோ, படங்களைச் சேமிக்கும் கிளவுட் செயலியாகவோ இருக்கும். நாம் அறியாமல் புகுந்த நிரலாகவும் இருக்கலாம்.

இதை வைத்துப் பிள்ளைகளின் மொபைலைக் கண்காணிக்க முடியுமா? முடியாது. பிறரைத் துருவுவதை மார்க்கம் தடுத்திருப்பது ஒருபுறம் இருக்கட்டும். கருவியே அதற்குத் தோதானதல்ல. வைஃபையில் மொபைலின் போக்குவரத்து நேராக ரவுட்டருக்குப் போய்விடும். நம் கணினிக்கு வந்து போவதை மட்டுமே ஈதர்ஏப் வரையும். அதிலும் யாரோடு, எவ்வளவு என்பதுதான் தெரியும். பேசியது என்ன என்பது தெரியாது.

அலுவலக நெட்வொர்க்கில் இதை ஓட்டுவதானால், பொறுப்பாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.