மூச்சை அளக்கும் ஊசல்

செய்முறைத் தேர்வன்று எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவிக்குக் கை நடுங்கிற்று. வெர்னியரைப் பிடிக்க முடியவில்லை. பாடம் தெரியாதவளல்லள், முதல்நாள் தோழிகளுக்கெல்லாம் விளக்கியவளே அவள்தான்!

பதற்றத்தில் அட்ரினலின் சுரந்து இதயத்தை விரட்டுகிறது. அதற்குக் கடிவாளம் வேகஸ் என்னும் நரம்பு. ஆட்டோ லோவி ஒரு தவளையின் இதயத்தில் இந்நரம்பைத் தூண்டினார்; துடிப்பு குறைந்தது. அவ்விதயத்திலிருந்த கரைசலை வேறொரு தவளையின் இதயத்தில் செலுத்தினார், அதுவும் மெதுவாயிற்று! 1921-இல் வெளியான சோதனை இது.

மாணவ நண்பர்களே, மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது விரையும். விடும்போது, வேகஸின் பிடி இறுகுவதால், தளரும். ஆகவே வெளிமூச்சை நீட்ட வேண்டும். கடிகாரம்கூட வேண்டாம். ஒரு மீட்டர் நூலில் சிறு கல்லைக் கட்டி ஆட்டிவிடுங்கள். ஒருமுறை போய்வர ஏறக்குறைய 2 விநாடி. 2 அலைவுக்கு மூச்சை இழுங்கள், 3 அலைவுக்கு விடுங்கள். (ஊசலைப் புவியீர்ப்பு முடுக்கம் காண மட்டுமே கற்பிப்பது எங்கள் குறை.) ஐந்து நிமிடம் செய்யுங்கள், முன்னும் பின்னும் நாடியை எண்ணுங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

அம்மாணவி கால்மணி தாமதமாகத் தொடங்கினாலும் சோதனையை முடித்தாள்.

வாரக்கணக்கில் உறக்கமின்றிப் பதற்றம் நீடித்தால் மூச்சு மட்டும் போதாது. வீட்டில் சொல்லுங்கள், அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.